பயந்தவன் பார்த்தது

அணிலின் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. பாகான் டத்தோவில் தென்னைக்கு நடுவே வளர்ந்தவன் நான். அணில் கண்ணில் படாமல் ஒரு நாள் கழிந்திருக்காது. இருந்தும், முன்காலில் எத்தனை விரல், மீசை எந்த இடத்தில் தொடங்குகிறது, காதுமடல் கூரா வட்டமா என்று ஒன்றும் நினைவில் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு துள்ளல், மட்டை அசையும் சரசரப்பு, தலைக்கு மேலிருந்து யாரையோ அதட்டுவதுபோல் வரும் அந்தக் கீச்சொலி. மண்சிலந்தி கதை வேறு. சின்ன வயதில் பீடோர் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது, பழைய பால்மரக் காட்டு மேட்டை வெட்டிப் பாதை போட்டிருந்த கரையில், ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்த ஒன்றை இன்றும் அங்கம் அங்கமாகச் சொல்வேன். வளையின் வாயைச் சுற்றி வெள்ளை நூல் படிந்து காய்ந்த துணிபோல் இருந்தது. முதலில் தெரிந்தவை நான்கு கால்நுனிகள் மட்டும், பஞ்சு ஒற்றி எடுத்ததுபோல் மழுங்கியவை. அண்ணன் ஈர்க்குச்சியால் நூலைத் தொட்டதும் அது அரை உடம்பு வெளியே வந்தது. முன்னால் இரண்டு குட்டைக் கைகள் இருந்ததால் கால்களை எண்ணினால் பத்து வந்தது. நச்சுப்பற்கள் மடித்த பேனாக்கத்திபோல் கீழ்நோக்கி மடிந்திருந்தன. பின்புறத்தில் இரண்டு சின்ன விரல்கள் தனியே எதையோ தடவிக்கொண்டிருந்தன. கால் மயிர் எல்லாம் ஒரே நீளமில்லை. குட்டை மயிர்ப் படுகைக்குள்ளிருந்து நீள மயிர்கள் தனித்தனியாக எழுந்து நின்றன. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. பிரியப்பட்டதை நான் பார்க்கவே இல்லை, பயந்ததைத்தான் முழுசாகப் பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம் கொஞ்ச காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

பயந்தவன் உற்றுப் பார்ப்பது இயல்புதானே, உயிர் பிழைக்க வேண்டுமே என்று இதைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளவிடாமல் தடுப்பவர் எங்கள் தோட்டத்தில் அணில் சுட்ட பெரியப்பா. தென்னைக்குக் கீழே கோகோ போட்ட காலம் அது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பேராக்கின் இந்தக் கரையோரத்தில் மேலே தேங்காயும் கீழே கோகோவும் என்று ஒரே நிலத்தில் இரண்டு வெள்ளாமை. அணிலுக்கு அது விருந்து. இளங்காயின் காம்புப் பக்கம் மட்டை மெத்தென்று இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீரையும் வழுக்கையையும் தின்றுவிடும். கோகோக் காயைக் கடித்து, விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்சிவிட்டு விதையைக் கீழே துப்பும். வாலுக்கு இவ்வளவு என்று கிராணி காசு கொடுப்பார் என்றும், வால்களைக் கொத்தாகக் கட்டி எடுத்துப் போவேன் என்றும் பெரியப்பா சொல்லுவார். அவருக்குத் தெரிந்த அணில் எனக்குத் தெரியாத பிராணி. "விடிஞ்சு வெளிச்சம் வந்த கொஞ்ச நேரம், பிறகு சாயங்காலம். உச்சி வெயில்ல தேடினா ஒண்ணும் கிடைக்காது தம்பி" என்பார். எந்த மட்டைக்கிடுக்கில் நாரும் சுள்ளியும் சேர்த்துப் பந்துபோல் கூடு கட்டும், துரத்தினால் மரத்தின் எந்தப் பக்கம் சுற்றி ஒளியும், வாலை எப்படி ஆட்டினால் ஆளைக் கண்டுவிட்டது என்று அர்த்தம் என்றெல்லாம் அத்துப்படி. வயிற்றின் காவிச் சிவப்பையும், விலாவில் ஓடும் கறுப்பும் வெளுப்புமான பட்டையையும் எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான், செத்த அணிலைப் புரட்டிப் போட்டு. முன்பல் ஆரஞ்சு நிறம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு அணிலிடம் பயம் கிடையாது, வெறுப்பும் அதிகமில்லை. ஆனால் அது கணக்கில் இருந்தது. ஒரு பிராணி நம்மைக் கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் காயைக் கடிக்க வேண்டும். அப்போதுதான் மனிதக் கண் அதன்மேல் நிற்கும்போலிருக்கிறது. அழகு என்று சொல்லிவிட்டால் பார்வை நகர்ந்துவிடுகிறது. இப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எல்லா இடத்திலும் இது பொருந்துமா என்று இன்னும் தயக்கம்தான்.

பாட்டியிடம் அணில் வேறு வழியாக வந்தது. சேதுவுக்கு மணல் சுமந்த அணில், ராமர் விரல், முதுகில் மூன்று கோடு. தமிழ்நாட்டிலிருந்து தகரப்பெட்டியோடு கப்பலேறிய எல்லாக் குடும்பமும் கொண்டு வந்த கதை. வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாத இந்த அணிலுக்குத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் இடம் கொடுத்திருக்கிறார் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டி கதை சொல்லி முடித்துத் தென்னையைக் காட்டுவார். அங்கே ஓடும் அணிலுக்கு முதுகில் கோடு இராது. இது வேறு இனம். பட்டை விலாவில்தான், முதுகு வெறும் பழுப்பு. கோடு எங்கே பாட்டி என்று கேட்டால், "கடல் தாண்டி வந்ததுல அழிஞ்சு போச்சுடா" என்பார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு வியப்பு உண்டு. முதுகில் மூன்று கோடு போட்ட அணில் மலாயாவில் இருக்கத்தான் செய்கிறது. தரையில் வாழும் அணில் அது. லாரிஸ்கஸ் இன்சிக்னிஸ் என்று பெயர். தமிழ்நாட்டு அணிலுக்குக் கருமை மேல் வெளிர்க்கோடு என்றால் இதற்குப் பழுப்பு மேல் மூன்று கருங்கோடு. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை ஓடும் அந்தக் கோடுகள் விரலில் மை தொட்டு இழுத்ததுபோலவே இருக்கும். ஆனால் அது காட்டை விட்டு வருவதில்லை. விழுந்த மரத்தடியிலும் வேர்ப்பொந்திலும் இருந்துகொண்டு, உதிர்ந்த பழத்தையும் பூச்சியையும் தின்று, பகலில் நடமாடிப் பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். பாட்டி தேடிய மூன்று கோடு ஒரு நாள் பயண தூரத்தில், தித்திவாங்சா மலைச்சரிவில், யார் கதையிலும் சேராமல் சருகைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

பாகான் டத்தோவில் அந்தத் தரையணில் வாழ்ந்திருக்க வழி குறைவு. இங்கே நிலம் என்று நாம் சொல்வது பாதி தண்ணீர். ஒரு பக்கம் பேராக் ஆறு, மறுபக்கம் பெர்ணம் ஆறு, எதிரே மலாக்கா நீரிணை. நடுவில் கடல் விட்டுச்சென்ற களிமண். கரை கட்டி, பாரிட் என்னும் வாய்க்கால் வெட்டி, அலை ஏறும்போது மதகை அடைத்து, இறங்கும்போது திறந்துவிட்டுத்தான் தென்னையும் செம்பனையும் நிற்கின்றன. 1906இல் ஆகே வெஸ்டென்ஹோல்ட்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் ஜெண்டராட்டாவில் ரப்பர்த் தோட்டம் தொடங்கினார். அவரைப் போன்றவர்கள் வரைபடத்தில் கோடு போட்ட இடத்திலெல்லாம் நம் ஆட்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கால்வாய் வெட்டினார்கள். இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும் மண்ணில் வளை தோண்டி வாழ்வது மண்சிலந்திக்குச் சிரமம். அதனால் எங்கள் லயத்தில் சிலந்தி என்றால் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றுக்கடியில் வட்டமான முட்டைப்பையைச் சுமந்து திரியும் அந்த வீட்டுச் சிலந்திதான். கரப்பான் தின்று நமக்கு உபகாரம் செய்வதற்குப் பரிசாகத் துடைப்பத்தடி வாங்கும். மண்சிலந்தியும் தரையணிலும் மேட்டுக்காட்டுப் பிராணிகள். பீடோரிலும் தாப்பாவிலும் மலையடிவாரம் தொடங்கும் இடத்தில்தான் அவற்றின் ஊர் தொடங்குகிறது. தண்ணீர் வடியும் சரிவு, வேர் பின்னிய மண், மேலே நிழல் என்று இரண்டும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே சரிவில் ஒன்று பகலிலும் மற்றது இரவிலும் நடமாடி, ஒன்றையொன்று பார்க்காமலே காலம் தள்ள முடியும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என்னை மிகவும் தொந்தரவு செய்வது அவற்றின் காலக்கணக்கு. அணிலுக்கு ஒவ்வொரு நாளும் புதுக்கடன். வெப்ப ரத்தம், தின்றால்தான் சூடு, சூடு இருந்தால்தான் ஓட்டம், ஓடினால்தான் தீனி. முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்சிலந்தி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும். எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல்தான். உலகம் அதற்குக் கால் வழியாக வருகிறது. வளைவாயில் விரித்த நூலில் ஒரு வண்டு மிதித்தால் போதும், எந்தப் பக்கம், எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும். அதன் கால் மயிர்களில் சில காற்றசைவைக்கூட உணர்பவை. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. காற்றுப் பட்டால் இளநீலம் பூக்கும். முக்கியமான கால் மூட்டுகளில் மடக்கத்தான் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல்நீரை அழுத்தி உள்ளே செலுத்தித்தான் காலை நீட்டுகிறது. செத்த சிலந்தி கால் சுருண்டு கிடப்பது அந்த அழுத்தம் போய்விட்டதால்தான். எங்கள் வீட்டில் அதைப் பாவம் செய்ததன் அடையாளமாகச் சொல்வார்கள். ஆண் சிலந்தி பருவத்துக்கு வந்ததும் வளையை விட்டுப் பெண் தேடி அலைந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். பெண்ணோ சில இனங்களில் 15, 20 ஆண்டுகூட வாழும். அதில் பெரும்பகுதி ஒரே வளைக்குள் கழியும். தோலுரித்துத் தோலுரித்து அகலமாகி, வளையையும் அகலப்படுத்திக்கொண்டு அங்கேயே இருக்கும். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். ஒரு மரத்தின் ஆயுளில் பெரும்பாதியை ஒரே கதவுக்குப் பின்னால் கழித்துவிடுகிற உயிர் அது. தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு ஒரு நோட்டீசில் வெளியேறியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை இங்கே இழுக்க மனம் துடிக்கிறது. வேண்டாம். சிலந்தியைச் சிலந்தியாகவே விட்டுவைப்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேலை. அது எவ்வளவு கடினம் என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது.

நம் பக்தி மரபு இரண்டையும் தொட்டிருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி தொடவில்லை. திருவானைக்காவில் நாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாமல் இருக்க வலை விரித்துப் பந்தல் போட்டது ஒரு சிலந்தி. நீர் கொண்டு வந்து வழிபட்ட யானைக்கு அது அசுத்தமாகப் பட்டு வலையைக் கலைக்கிறது. சிலந்தி மறுபடி கட்டுகிறது, யானை மறுபடி கலைக்கிறது, கடைசியில் துதிக்கைக்குள் புகுந்து கடிக்க இரண்டும் சாகின்றன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளுகிறான். பழைய பகையை இவ்வளவு ஞாபகமாகக் கட்டடக்கலையில் தீர்த்துக்கொண்ட அரசன் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது வேறு. அணில் அணிலாகவே இருந்து முதுகில் தடவல் வாங்கிக்கொள்கிறது. சிலந்திக்கு அருள் கிடைக்க வேண்டுமானால் அது முதலில் சிலந்தியாக இருப்பதை விட்டு, மனிதனாக, அதுவும் அரசனாக வர வேண்டியிருக்கிறது. சிவந்த கண் மட்டும்தான் மிச்சம். அதற்கும் பிரசவத்தைத் தள்ளிப்போடத் தாயைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கதையைக் காரணமாகச் சொல்லிவிட்டார்கள். எட்டுக் காலோடு ஒரு விரலால் தடவப்பட்ட சிலந்தி நம்மிடம் இல்லை. அதே சமயம், சருகு எங்கிருந்து விழும், பந்தலை எந்த உயரத்தில் போட வேண்டும், கலைத்தால் மறுபடி கட்டும் பிடிவாதம் எத்தகையது என்றெல்லாம் ஒரு சிலந்தியைக் கவனித்தவர்தான் அந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க முடியும். அணில் கதையில் மணலில் புரண்டு வந்து உதறுகிற அசைவு ஒன்று உண்டு, அது பார்த்தவர் சொன்னதுதான், மறுக்கவில்லை. எடை போட்டால் சிலந்தி பக்கம்தான் தட்டு தாழ்கிறது.

பயமும் கணக்கும்தான் கண்ணைத் திறக்கும் என்று முடித்துவிடலாம் என்றால் இரண்டு மூன்று பேர் குறுக்கே நிற்கிறார்கள். ஒருவர் எச்.சி. ஏபிரகாம். 1923, 1924 ஆண்டுகளில் மலாய் தீபகற்பத்துச் சிலந்திகளைப் பற்றி எழுதியவர். பத்து கேவ்ஸ் குகைச் சுவரில் கதவு வைத்து வாழும் லிபிஸ்டியஸ் சிலந்திக்குப் பெயர் வைத்தவர் அவர்; மரப்பொந்தில் வாழும் நீலக்கால் பெருஞ்சிலந்தியையும் அவர்தான் விவரித்தார். லட்சக்கணக்கில் தைப்பூசத்துக்குப் படியேறும் நம்மில் எத்தனை பேர் அந்தக் குன்றின் இருட்டுக்குள் அப்படியொரு சிலந்தி குடியிருப்பதை அறிந்து ஏறுகிறோம்? ஈப்போவுக்கு அருகே குனோங் காந்தான் என்ற சுண்ணக்குன்றிலும் அதன் உறவு ஒன்று உண்டு, 1997இல் பெயரிடப்பட்டது. உலகில் வேறெங்கும் அறியப்படாத அந்தச் சிலந்தியின் வீட்டைச் சுற்றிச் சிமெண்டுக்காகப் பாறை உடைக்கிறார்கள். அதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்கள் பயந்தவர்களும் இல்லை, காசு எண்ணியவர்களும் இல்லை. இன்னொரு வகையினர், ஏபிரகாம் விவரித்த அந்த நீலக்கால் சிலந்தியைப் பணம் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பவர்கள். கோலாலம்பூரில் அப்படி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டி மூடியில் தோலுரித்த தேதிகளை வரிசையாக எழுதி ஒட்டியிருந்தார். உரித்த தோலைக் கத்தரிக்காமல் நீரில் ஊற வைத்து விரித்து, அடிவயிற்றுப் பக்கம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொன்னார். நம் ஆசியச் சிலந்திகளுக்குத் தென்னமெரிக்க இனங்கள்போல் உதறிவிடும் அரிப்பு மயிர் கிடையாது, அதனால்தான் இவை சட்டென்று பாய்ந்து கடிக்கின்றன, கடித்தால் நாள்கணக்கில் தசை பிடித்து வலிக்கும், ஆனால் உயிர் போனதாக உறுதியான சான்றில்லை என்று ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார். பிரியப்பட்டவன் பார்ப்பதில்லை என்ற என் எண்ணம் அந்த ஹாலிலேயே ஆட்டம் கண்டது. ஆனால் அவர் பிரியம் அந்தச் சிலந்தியை மரத்திலிருந்து பெயர்த்தெடுத்த பிறகு தொடங்கிய பிரியம். காட்டில் அதன் பொந்துக்கு எதிரே என்ன மரம் நின்றது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, விற்றவர் சொல்லவில்லை.

மனிதக் கண்ணை விட்டு இயந்திரக் கண்ணுக்குப் போனாலும் ஓரவஞ்சனை போவதில்லை. பேராக்கின் வடக்கே பெலும்–தெமெங்கோர் காடுகளில் புலியை எண்ண மரத்தில் கேமராப் பொறி கட்டுகிறார்கள். சூடான உடம்பு ஒன்று குறுக்கே நகர்ந்தால் தானாகப் படம் எடுக்கும். இப்படிப்பட்ட பொறிகளில் புலிக்காகக் காத்திருக்கையில் தரையணில் வந்து விழுவதுண்டு, யாரும் தேடாத பதிவாக. மண்சிலந்தி விழாது. மண்ணின் சூடும் அதன் உடம்புச் சூடும் ஒன்றாகவே இருப்பதால் கேமராவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அணில் முந்திக்கொண்டது. ஆனால் படத்தில் விழுவதும் பார்க்கப்படுவதும் ஒன்றா என்று தெரியவில்லை. தரையணில் தேங்காயைத் தொடுவதில்லை, யாரையும் கடிப்பதில்லை, யாரும் அதற்கு விலை வைக்கவில்லை, கதை வேறொரு அணிலுக்குப் போய்விட்டது. அழியும் பட்டியலில் மேல்வரிசையிலும் இல்லாததால் அதற்காகக் கவலைப்படுவதற்குக்கூட ஆள் இல்லை.

தரையணிலின் அப்படிப்பட்ட படம் ஒன்று என் கைத்தொலைபேசியில் இருந்தது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் காட்டினேன். கோகோ எப்போதோ போய்விட்டது. கோகோக்காய்த் துளைப்பான் புழு 1986இல் தீபகற்பத்துக்கு வந்த பிறகு அந்தப் பயிருக்கே தோட்டங்களில் மவுசு குறைந்தது. அவரும் துப்பாக்கியைத் தொட்டுப் பல வருஷமாகிறது. காட்டு அணில், பெயர் இன்னது என்று எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் நீட்டினேன். மூன்று கோட்டைப் பார்த்ததும் பாட்டியை நினைப்பார், கதையைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். கோட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கச் சொல்லி, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார். "வால் குட்டையா இருக்கே. இது மரத்துக்கு மரம் தாவறது இல்ல தம்பி, கீழேயேதான் திரியும்" என்றார். பிறகு மூக்கைக் காட்டி, இது பூச்சி தின்கிற மூக்கு மாதிரி இருக்கிறது, தேங்காய்ப் பக்கம் வராது என்றார். படம் என்னிடம் சில மாதங்களாக இருந்தது. உடம்பைவிட வால் குட்டை என்று புத்தகத்தில் படித்துமிருந்தேன். ஆனால் அந்தப் படத்தில் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. இதைச் சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, அது பகலில் எந்த நேரத்துக்கு வெளியே வரும் என்று என்னைக் கேட்டார்.